இடப்பக்கம் ஒரு பாண் வண்டி

எல்லாப் படத்திலும் அவன் வலப்பக்கம்தான் பார்க்கிறான்.
முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவில்,
தடுப்பூசி வரிசையில்,
ஸ்காபரோ அக்காவுக்கு அனுப்பிய அத்தனையிலும்
சட்டகத்துக்கு வெளியே நின்று
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
வடிவான போஸ் என்று எழுதியிருந்தாள் அக்கா.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குளிப்பாட்டும்போது விரலில் தட்டியது:
இடக் கழுத்தில், தோலுக்கு அடியில்,
ஒரு புளியங்கொட்டை.
அன்றிரவு யோகதாசன் சோறு தின்னவில்லை.
நான் தின்றேன். பால் வேண்டுமே.

பொரளையில் மூன்றாம் மாடி, நீல மெத்தை.
தில்ஹானி மிஸ் கை கழுவி,
உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்கி
அதற்குப் பிறகுதான் தொட்டாள்.
"தசை. எலும்பு இல்ல. பயம் வேணாம்."
அவ்வளவுதான் அவளிடம் இருந்த தமிழ்.
மிச்சம் சிங்களம், மிச்சம் கைகள்.

முகம் வமட்ட, என்றாள்.
வம என்றால் இடம்.
எனக்கு வலம் என்று கேட்டது.
ஒரு 'ல' வழுக்கியதில்
ஏற்கெனவே திரும்பிக் கிடந்த பக்கமே
இன்னும் திருப்பப் போனேன் பிள்ளையை.
அவள் சிரிக்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து பேனை எடுத்து
அவனுடைய இடது புறங்கையில்
ஒரு நீலப் புள்ளி வைத்தாள்.
குளித்தால் அழியும், தினமும் வை, என்று சைகை.

முப்பது எண்ணும் வரை பிடிக்க வேண்டும்.
அழுத்தக் கூடாது, விடவும் கூடாது.
ஒரு கை தோளில், மறு கை காதுக்கு மேலே,
பழுத்த பப்பாசியைத் தாங்குவதுபோல.
பன்னிரண்டில் உதடு பிதுங்கும்.
பதினைந்தில் வீடே கத்தும்.
பத்தொன்பதிலிருந்து நேரே
இருபத்தேழுக்குத் தாவுவேன்.
பிள்ளைக்கு எண்ணத் தெரியாது.
அடுத்த செவ்வாய் அந்தக் கழுத்தைத் தொட்டதும்
தில்ஹானி மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை அனெக்ஸில்
கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பினோம்,
யன்னல் அவனுக்கு இடப்பக்கம் வரட்டும் என்று.
புறக்கோட்டையில் வாங்கிய கிலுக்கியை
அந்தப் பக்கமாய் ஆட்டினேன்.
கண்ணை மட்டும் அனுப்பினான்.
தலையை அனுப்பவில்லை.
கீரைக்காரி குரல், பக்கத்து வீட்டு நாய்,
யோகதாசனின் குயில் சத்தம்
ஒன்றுக்கும் அசையவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு
ஒழுங்கையில் திரும்பியது றிஸ்மியின் பாண் வண்டி,
அதே கீறல் விழுந்த பியானோ மெட்டு,
கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப்.
நாடி ஒரு விரல் அளவு நகர்ந்தது.
பிறகு இரண்டு.
வண்டி போனதும் பழைய இடத்துக்கே போய்விட்டது.

செருப்பில்லாமல் ஓடினேன்.
"தம்பி, எங்கட யன்னலடியில
கொஞ்சம் நிப்பாட்டி வையுங்கோ, பாட்டை நிப்பாட்டாதேங்கோ."
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
"சும்மா நிண்டா ஆக்கள் என்ன நினைப்பினம் அக்கா,
ஏதாவது வாங்குங்கோ."

அப்படித்தான் ஆறு கிழமையாய்
நாங்கள் கிம்புலா பணிஸ் தின்கிறோம்.
தேத்தண்ணியோடு, தேத்தண்ணி இல்லாமல்,
காலைக்கும் அதே முதலை வால்.
யோகதாசனின் பெல்ட் ஒரு துளை தள்ளிப் போய்விட்டது.
கணக்குக் கொப்பியில் அந்தக் காசை
மருந்து என்ற நிரலில் எழுதுகிறேன்.

நேற்று தில்ஹானி மிஸ் பாகைமானி வைத்துப் பார்த்தாள்.
இன்னும் எட்டுப் பாகை.
தொடர்ந்து செய்யச் சொன்னாள்.
பணிஸைப் பற்றிச் சொல்ல
என் சிங்களம் போதவில்லை.

இன்று வண்டி வரவில்லை.
டயர் காற்றுப் போயிருக்கலாம்.
ஐந்தரை. ஐந்து முப்பத்தைந்து.
யன்னலில் ஒரு மின்கம்பம்,
ஈரம் காயாத சாரம் ஒன்று.
பிள்ளை தானாகவே முகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்
வைத்துக்கொண்டு கிடக்கிறான்,
நீலப் புள்ளி வாயில்.
பதினெட்டு. பத்தொன்பது.
இருபது.
இருபத்தொன்று.